நீலப் பொட்டு வாங்கிய செம்போரை

கண்மாய்க் கரையில், உடைமரங்களை ஒட்டி, எங்கள் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. பாதி வெள்ளாடு, பாதி செம்மறி, தண்ணீர்க்குடமும் படுக்கையும் சுமக்க ஒரு கழுதை. எல்லாம் குருவம்மா என்கிற அம்மாளின் சொத்து. கூட்டத்துக்கு முன்னால் கழுத்தில் மணி ஆட நடந்து போகிற வெள்ளாட்டுக் கிடா நான்தான். என் பெயர் மணியன்.

நான் கூட்டத்துக்குத் தலைவன் என்று எல்லோரும் சொல்வார்கள். விஷயம் வேறு. எந்தப் பக்கம் பச்சை வாசம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் என் கால் போகும். மணிச்சத்தம் கேட்டு மற்றவை பின்னால் வரும். இதற்குத்தான் தலைமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தாடி வேறு உண்டு. தாடியைப் பார்த்து, இவன் விவரமானவன் என்று நம்பியவர்கள் பலர். அவர்களில் முதல் ஆள் நான்.

எங்கள் ஆட்டுச் சாதியின் அறிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோயில் வாசலில் எங்கள் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். ஈரம் எங்களுக்கு ஆகாது. உடனே தலையை உதறுவோம். ஆடு சம்மதம் கொடுத்துவிட்டது என்று அரிவாளை எடுப்பார்கள். எத்தனையோ தலைமுறையாக இது நடக்கிறது. தண்ணீர் தெளித்தால் தலையை ஆட்டாமல் சும்மா நிற்போமே என்று ஒரு ஆட்டுக்குக்கூட இன்னும் தோன்றவில்லை. அப்படிப்பட்ட வம்சம் ஒரு நாள் வைத்தியம் பேச உட்கார்ந்தது. அந்தக் கதைதான் இது.

புரட்டாசி மாதம். மழைக்கு முன்னால் துள்ளுமாரி ஊசி போட மறுநாள் டாக்டரம்மா வருவதாகக் குருவம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அது எங்கள் காதில் விழுந்தது.

துள்ளுமாரி என்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மழை பெய்து இளம்புல் முளைத்ததும் எங்களுக்கு வருகிற நோய் அது. நேற்று சாயங்காலம்வரை நன்றாக மேய்ந்த ஆடு, இன்று காலையில் திடீரென்று ஒரு துள்ளு துள்ளும். விழும். காலை உதறும். அவ்வளவுதான். வைத்தியரைக் கூப்பிட ஆள் கிளம்பும்போதே எல்லாம் முடிந்திருக்கும். நோஞ்சானை அது திரும்பிப் பார்ப்பதில்லை. கூட்டத்திலேயே நன்றாகத் தின்றது எது, கொழுத்தது எது என்று பார்த்துத்தான் எடுக்கும்.

நோய்க்கு நாங்கள் பயந்தோம். ஆனால் நோய் நாளைக்கு வருகிறது. ஊசி இன்றைக்கே கண்ணில் தெரிகிறது. எதற்கு அதிகம் பயப்படுவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

உடைமரத்தடியில் கூட்டம் கூடினோம். எல்லோரையும்விடக் கலங்கிப்போய் நின்றவள் செம்போரை. வெள்ளை உடம்பில் செம்மண்ணை அள்ளித் தெளித்ததுபோல் இருப்பாள். அவளுக்குத் தலைச்சன் சினை. வயிறு இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது.

"மணியண்ணே, எனக்கு வலிச்சா வலிச்சிட்டுப் போகுது. உள்ளே இருக்கிறதுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று கேட்டாள்.

கேள்வி நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தாடி வைத்திருப்பவன் அப்படியெல்லாம் சட்டென்று சொல்லிவிட முடியுமா? நான் கண்ணை மூடி அசைபோட்டேன். நான் ஆழமாக யோசிக்கிறேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். காலையில் தின்ற வேலிக் கருவேலங்காய் மேலே வந்திருந்தது, அதைத்தான் மென்றுகொண்டிருந்தேன்.

அப்போது ஜமீன் முன்னால் வந்தான். அவன் கோயில் கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடா. தனியாகக் கட்டி, கஞ்சியும் சோளமும் வைத்து வளர்த்ததால் உடம்பு மெத்தை மாதிரி இருக்கும். ஜமீன் என்பது நாங்கள் பொறாமையில் வைத்த பெயர். அவன் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டான். ஊசியெல்லாம் இல்லாதவன் உடம்புக்கு, நல்ல உடம்பில் எதிர்ப்பு தானாகவே இருக்கும் என்று சொல்லி, தன் விலாவை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினான். சந்தேகமிருந்தால் பொதியனைக் கேளுங்கள் என்றான்.

பொதியன்தான் எங்கள் கழுதை. அது ஒரு ஓரமாகக் காகிதம் தின்றுகொண்டிருந்தது. செம்போரை அதனிடம் ஓடினாள்.

"பொதியண்ணே, நீங்க என்னைக்காவது இந்த ஊசி போட்டிருக்கீங்களா?"

"இல்லை தங்கச்சி."

"மழைப்புல் தின்பீங்களா?"

"தின்னாம? வயிறு முட்டத் தின்பேன்."

"துள்ளுமாரி வந்திருக்கா?"

"ஒரு நாளும் வந்ததில்லை" என்றது கழுதை. மறுபடி காகிதத்துக்குத் திரும்பிக்கொண்டது.

அவ்வளவுதான், எங்களுக்கு உயிர் வந்துவிட்டது. பார்த்தீர்களா, இயற்கையாகவே எதிர்ப்பு இருக்கிறது, ஊசி தேவையே இல்லை என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டோம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று பேச்சு வழக்கில் சொல்வார்கள். எங்களைப் பற்றி அப்படி ஒரு பழமொழியும் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். நான் கண்ணைத் திறந்து, "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்றேன்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்தார். தோளில் ஐஸ் பெட்டி, கூட ஒரு உதவியாளர். களத்து மேட்டில் வலை கட்டி எங்களை ஒரு பக்கம் அடைத்தார்கள். ஒவ்வொன்றாகப் பிடித்து, தொடைப் பக்கம் தோலைத் தூக்கி ஊசி போட்டு, முதுகில் நீலச் சாயத்தால் ஒரு பொட்டு வைத்து, வலைக்கு அந்தப் பக்கம் விட்டார்கள். போட்டதற்கே மறுபடி போட்டுவிடக்கூடாது, ஒன்றும் விட்டுப்போகவும் கூடாது என்பதற்காக அந்தப் பொட்டு.

செம்மறிகள் எதுவும் கேட்கவில்லை. முன்னால் ஒன்று போனது, பின்னால் எல்லாம் போயின. அதுகளைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

சிரித்துவிட்டு நான் நழுவினேன். பக்கத்தில் இளம்பனை வடலிகள் அடர்ந்து நின்றன. அதற்குள் புகுந்து, மூச்சை அடக்கி, ஆடாமல் அசையாமல் நின்றேன். ஒரு ஈ என் மூக்கில் உட்கார்ந்தது. தலையை உதறினேன். கழுத்து மணி கணகணவென்று அடித்தது. கழுத்தில் மணியைக் கட்டிக்கொண்டு ஒளிய நினைத்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உதவியாளர் கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். முதல் ஊசி போட்ட வெள்ளாடு நான்தான். வலி அதிகமில்லை; எறும்பு கடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் ஊர் கேட்கக் கத்தினேன். பிறகு மற்றவர்களிடம், "வேண்டுமென்றேதான் மணியை ஆட்டினேன், உங்களுக்கு வழிகாட்ட" என்று சொன்னேன். நம்பினார்கள். ஆடுகள்.

வெள்ளாடுகள் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டன. ஆனால் செம்போரை கெட்டிக்காரி. அவள் வலையை ஒட்டி நின்று கவனித்துக்கொண்டே இருந்தாள். நீலப் பொட்டு உள்ளதை வெளியே விடுகிறார்கள், இல்லாததைப் பிடிக்கிறார்கள். இவ்வளவுதானே கணக்கு? அப்போதுதான் பொட்டு வைத்த ஒரு வெள்ளாடு வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. செம்போரை வலை இடுக்கில் உடம்பை நுழைத்து, அந்த ஈரச் சாயத்தில் தன் முதுகை ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். நீலம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

உதவியாளர் திரும்பிப் பார்த்தார். "இது போட்டதாச்சே, மறுபடி எப்படி உள்ளே வந்தது?" என்று சொல்லி, அவளைத் தூக்கி வெளியே விட்டார்.

கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருந்த ஜமீன், எல்லாம் முடிந்தபிறகு கழுதைக்குப் பின்னாலிருந்து வந்தான். செம்போரையின் முதுகு இன்னும் காயவில்லை. அவன் அதில் உரசித் தனக்கும் ஒரு பொட்டு வாங்கிக்கொண்டான். சாயங்காலம் குருவம்மா ஒவ்வொரு முதுகையும் தடவிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் நீலம். அவளுக்கு ஒரு பாரம் இறங்கினதுபோல் இருந்திருக்க வேண்டும், சோளத்தட்டையை இரண்டு கட்டு கூடுதலாகப் போட்டாள்.

அன்றைக்குச் செம்போரைதான் கூட்டத்தின் நாயகி. தொடை வலியோடு நொண்டிக்கொண்டிருந்த நாங்கள் அவளைச் சுற்றி நின்று, எப்படித் தேய்த்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டோம். அவள் திரும்பத் திரும்பத் தேய்த்துக் காட்டினாள்.

ஐப்பசி பிறந்தது. மழை கொட்டியது. கரிசல் முழுக்கப் பச்சை மயிர் முளைத்ததுபோல் இளம்புல் கிளம்பியது. அந்த ருசியை என்னவென்று சொல்வேன்! பல்லுக்கு வேலையே இல்லை. நாங்கள் தலையைக் குனிந்தவர்கள் நிமிரவேயில்லை. ஜமீன் எங்களுக்கும் மேல். பகலெல்லாம் புல், வீட்டுக்கு வந்தால் அவனுக்கென்று வைத்த சோளம்.

ஒரு நாள் விடிகிற நேரம். ஜமீன் பட்டிக்கு நடுவில் நின்று ஒரு துள்ளு துள்ளினான். நல்ல உயரம். எங்களுக்கு ஒரே குஷி. "பாருடா ஜமீனுக்கு ஏறின கொழுப்பை" என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம். அவன் இன்னொரு முறை துள்ளினான். அப்படியே பக்கவாட்டில் விழுந்தான். கழுத்து பின்னால் வளைந்தது. கால்கள் காற்றில் நீந்தின. எங்கள் சிரிப்பு பாதியில் நின்றது. குருவம்மா ஓடி வந்து அவன் தலையை மடியில் எடுத்து வைப்பதற்குள் கண் நிலைத்துவிட்டது.

எனக்கு அவன்மேல் பொறாமை உண்டு என்று சொன்னேனே. அன்றைக்கு அவன் கிடந்த கிடையைப் பார்த்து வயிறு எரிந்தது. அவன் தொட்டியில் சோளம் மீதி இருந்தது. ஒருத்தரும் அதில் வாய் வைக்கவில்லை. ஆடுகள் மீதி வைப்பது அபூர்வம்.

செம்போரை நேராகக் கழுதையிடம் போனாள்.

"வராதுன்னு சொன்னீங்களே அண்ணே?"

பொதியன் பாவம், அதற்கும் கண் கலங்கியிருந்தது. "தங்கச்சி, நீ என் வயித்தைப் பத்திக் கேட்டே, நான் என் வயித்தைப் பத்திச் சொன்னேன். உங்க வயித்தைப் பத்தி நீங்க யாரும் கேக்கவே இல்லையே. நான் கழுதை. எனக்கு அந்த நோய் இல்லை. அது ஆட்டு நோய்."

கழுதை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நாங்கள்தான் கழுதையிடம் போய் ஆட்டு வைத்தியம் கேட்டு வந்திருக்கிறோம்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்து ஜமீனைப் பார்த்தார். துள்ளுமாரிதான் என்றார். குருவம்மா அழுதுகொண்டே, ஊசி போட்ட ஆட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டாள். டாக்டரம்மாவுக்கும் புரியவில்லை. ஊசி போட்டாலும் ஒன்றிரண்டுக்கு அது பிடிக்காமல் போவது உண்டு என்று சொல்லி நெற்றியைத் தடவிக்கொண்டார். அப்புறம் அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. இந்தக் கிருமி எங்கிருந்தோ வருவது இல்லையாம். ஆட்டு வயிற்றிலேயே கொஞ்சமாக எப்போதும் குடியிருக்குமாம். திடீரென்று இளம்புல்லும் தானியமும் கண்டபடி உள்ளே போனால், அதுவும் நம்மோடு சேர்ந்து விருந்து சாப்பிட்டுப் பெருகி விஷத்தைக் கக்குமாம். கொஞ்சமாக இருக்கும்போது அதைத் தாங்குகிற சக்தி உடம்புக்கு உண்டு. பெருகிவிட்டால் ஊசி கொடுத்த காவல்தான் நிற்கும்.

"குட்டிகளை இது ரொம்பச் சீக்கிரம் எடுத்திடும், குருவம்மா. பால் நல்லாக் குடிக்கிற குட்டியாப் பார்த்துத்தான் எடுக்கும். தாய்க்குச் சினையில ஊசி போட்டிருந்தா பயமில்லை. ஈன்ற அன்னைக்குக் குடிக்கிற சீம்பால்லயே குட்டிக்குக் காவல் போயிடும். தாய்கிட்ட இருந்தால்தானே குட்டிக்குக் கிடைக்கும்?"

செம்போரை தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கிறது. குட்டிக்கு ஆகாது என்று பயந்து எதை விட்டு ஓடினாளோ, அதுதான் குட்டிக்கு வேண்டியதாக இருந்திருக்கிறது.

அவள் ஓடிப்போய் டாக்டரம்மாவின் கையில் முட்டினாள். கத்தினாள். ஐஸ் பெட்டியைக் காலால் தட்டினாள். ஊசி போடச் சொல்லி ஓர் ஆடு இப்படிக் கெஞ்சியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இது ஏன் இப்படிக் கத்துது?" என்றார் டாக்டரம்மா.

"சினை ஆடு, பசிக்கும்."

"ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சே. முதுகைப் பாருங்க, பொட்டு இருக்கு" என்றாள் குருவம்மா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மா போய்விட்டார்.

அன்றிலிருந்து மேய்ச்சலுக்கு விடும் முன்னால் எங்களுக்குக் காய்ந்த தட்டை போட்டார்கள். வெறும் வயிற்றோடு புல்லில் பாயக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். தட்டை எங்களுக்கு மரக்கட்டையாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு தின்றோம். ஜமீன் கிடந்த கிடை கண்ணிலேயே நின்றது.

செம்போரைக்கு ஒரே நினைப்பு, அந்தப் பொட்டை அழிக்க வேண்டும். டாக்டரம்மா அடுத்து வரும்போது முதுகு வெறுமையாக இருந்தால்தான் ஊசி கிடைக்கும். மழையில் நின்று பார்த்தாள். சாயம் போகவில்லை. கண்மாய்த் தண்ணீரில் வயிறுவரை இறங்கினாள். வெள்ளாடு தண்ணீரில் இறங்குவது என்ன லேசான காரியமா? உடம்பெல்லாம் உதறிக்கொண்டு, பல் கிட்டிப்போய் நின்றாள். அப்போதும் போகவில்லை. பனைமரத்தில் தேய்த்தாள். தோல் வழன்றது, நீலம் நின்றது. நல்ல சாயம். மோசடி செய்து வாங்கியதாக இருந்தாலும் சரக்கு அசல்.

வயிறு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டு வந்தது. ஒரு மத்தியானம் அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, தாடி வச்சிருக்கீங்க, ஏதாவது சொல்லுங்க" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். எனக்குக் கண்ணை மூடி அசைபோடத் தைரியம் வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது தங்கச்சி" என்றேன். என் வாழ்நாளிலேயே நான் சொன்ன முதல் உருப்படியான பேச்சு அதுதான்.

ஆறுதலாக இருக்கட்டும் என்று அவள் முதுகை நக்கிக் கொடுத்தேன். சாயம் உப்புக்கரித்தது. உப்பு என்றால் எங்களுக்கு உயிர். நான் இன்னொரு முறை நக்கினேன். ஆறுதல் எப்போது முடிந்து உப்பு எப்போது தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பொட்டின் ஓரம் மங்கியிருந்தது. தண்ணீருக்கு அசையாத சாயம் எச்சிலுக்கு மசிந்திருந்தது.

"போகுது, போகுது!" என்று கத்தினேன். மணி அடித்தது. மணி அடித்தால் கூட்டம் வரும். ஒருத்தர் செய்வதை எல்லோரும் செய்வதுதான் எங்கள் குலவழக்கம். ஆட்டுக்கு ஒரு நக்கு என்று வரிசை கட்டினார்கள். பொழுது சாயும் முன்னால் செம்போரையின் முதுகில் நீலம் பேருக்குக்கூட இல்லை.

அங்கே நிறுத்தியிருந்தால் நாங்கள் கெட்டிக்காரர்கள். உப்பு ருசி நாக்கில் ஏறிவிட்டதே! இவள் முதுகை அவன் நக்க, அவன் முதுகை நான் நக்க, கூட்டம் முழுக்க ஒருத்தர் முதுகிலும் ஒரு பொட்டும் மிச்சமில்லை.

குருவம்மா தண்ணீர் காட்ட வந்தாள். நான் முதலில் வாயைத் திறந்தேன். அவள் கையிலிருந்த குடம் கீழே விழுந்தது. என் நாக்கு நீலம். பக்கத்து ஆட்டின் நாக்கு நீலம். செம்மறி நாக்கு, குட்டி நாக்கு எல்லாம் நீலம்.

"ஐயோ, நீலநாக்கு நோய் வந்திருச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். அப்படியும் ஒரு பொல்லாத நோய் ஆடுகளுக்கு உண்டு, அதில் நாக்கு வீங்கி நீலம் பாய்ந்துவிடும். ஒரு கூட்டத்துக்கே அது வந்துவிட்டது என்று கேட்டால் எந்த டாக்டர் சும்மா இருப்பார்? டாக்டரம்மா பெட்டியோடு பறந்து வந்தார்.

என்னைத்தான் முதலில் பிடித்தார். வேறு யாரை? மணி இருக்கிறதே. தாடையைத் திறந்து நாக்கை இழுத்தார். காய்ச்சல் பார்த்தார். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. ஈரத்துணியால் என் நாக்கைத் துடைத்தார். துணி நீலமானது. அவர் என் நாக்கைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், எங்கள் முதுகுகளைப் பார்த்தார். அப்புறம் களத்து மேட்டிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"குருவம்மா, நோயுமில்லை ஒண்ணுமில்லை. வச்ச பொட்டையெல்லாம் நக்கித் தின்னிருக்கு."

"அப்ப எதுக்கு ஊசி போட்டது, எதுக்குப் போடாததுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. முதல் தடவை போட்டதுகளுக்கு இன்னொரு ஊசி போட வேண்டியதுதான் எப்படியும். மத்ததுக்கும் சேர்த்தே போட்டுடலாம், கெடுதல் இல்லை" என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தார்.

கூட்டம் சிதறியது. நான் வடலிக்குள் ஓடினேன். போன தடவை அங்கேதான் மாட்டினோம் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. மணி கணகணத்தது.

ஆனால் அன்றைக்கு முதல் ஊசி எனக்கில்லை. செம்போரை வலைக்குள் தானாக நடந்து போய் டாக்டரம்மாவின் முன்னால் நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். டாக்டரம்மா அவள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "சினை ஆடு, பதமாப் பிடிங்க" என்றார். ஊசி இறங்கியது. அவள் கத்தவில்லை. கொஞ்சம் தள்ளி, மறுபடி பிடிபட்டு வரிசையில் காத்திருந்த நான் அவளுக்கும் சேர்த்துக் கத்தினேன்.

டாக்டரம்மா இந்தத் தடவை பொட்டு வைக்கவில்லை. காதில் சின்னதாக ஒரு தகடு மாட்டினார். எங்களால் அதை நக்க முடியவில்லை. முயன்று பார்த்தோம்.

மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் செம்போரை ஈன்றாள். ஒற்றைக் குட்டி, தாயைப் போலவே செம்புள்ளி. ஈரம் காயும் முன்னாலேயே எழுந்து மடியை முட்டிச் சீம்பாலைக் குடித்தது. செம்போரை அது குடித்து முடிக்கும்வரை ஒரு காலைக்கூட மாற்றி வைக்கவில்லை. மற்றத் தாய்கள் தொட்டிக்குப் போனபோதும் அவள் அசையவில்லை. எங்களுக்குப் புரிந்தது. அவள் பால் மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை.

குட்டிக்கு அகோரப் பசி. ஒரு மடிப்பால் முழுக்க அதற்குத்தான். தை மாதத்துக்குள் பந்து மாதிரி ஆகிவிட்டது. பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. மறுபடி புல் முளைத்தது. கூட்டத்திலேயே நன்றாகத் தின்கிறது எது, கொழுத்தது எது என்று யார் கேட்டாலும், அந்தக் குட்டியைத்தான் காட்டுவார்கள். நாங்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மேய்ந்தோம்.

ஒரு காலையில் மேய்ச்சலுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த குட்டி, திடீரென்று ஒரு துள்ளு துள்ளியது.

கூட்டம் அப்படியே நின்றது. என் வாயில் இருந்த புல் வாயிலேயே இருந்தது. பொதியன்கூடத் தலையைத் தூக்கியது. செம்போரை குட்டியை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள், அதற்கு மேல் அவளால் நகர முடியவில்லை.

குட்டி நாலு காலையும் சேர்த்துத் தரையில் இறங்கியது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தது. எங்களையெல்லாம் பார்த்தது. இவர்கள் ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று அதற்கு விளங்கவில்லை போல. மறுபடி துள்ளியது. ஒரு வண்ணத்துப்பூச்சியின் பின்னால், இன்னொரு தடவை, அதற்கும் மேல் இன்னொரு தடவை, கரை ஓரமாகத் துள்ளிக்கொண்டே போனது. கொஞ்ச நேரம் கழித்துப் பால் குடிக்கத் திரும்பி வந்தது.

செம்போரை அழுதாள். நானும் அழுதேன், ஆனால் மூக்கில் ஈ என்று சொல்லித் தலையை உதறினேன். மணி அடித்தது. எதற்கென்று தெரியாமலே கூட்டம் முழுவதும் என் பக்கம் ஓடி வந்தது.

முதுகில் வைக்கிற பொட்டை யாரிடம் வேண்டுமானாலும் உரசி வாங்கிவிடலாம், உடம்புக்குள் இருக்க வேண்டிய காவலை அப்படி வாங்க முடியாது.